மூன்றோடு நின்ற கணக்கு

போன மாதம் என் ரத்த அழுத்தத்தைக் காட்டிக்கொள்ள நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது இளம் சர்ஜன்களான உங்களில் ஒருவர் என்னை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்: "சார், பாராதைராய்டு கேஸ் இதுவரைக்கும் ஒண்ணுகூட எங்களுக்குத் தவறினதில்ல." சொன்னவருடைய முகத்தில் இருந்த மகிழ்ச்சி உண்மையானது. நானும் தோளில் தட்டிப் பாராட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தவற வேண்டும் என்று நான் நினைப்பேனா? தவறும் நாளில் என்ன செய்யப்போகிறார் என்பதுதான் கவலை. அந்த நாள் வரும். வராமல் யாருக்கும் ஓய்வு ஊதியம் வந்ததில்லை.

எனக்குக் கவலைப்படுவதற்குக் காரணம் தேவையில்லை என்று என் மனைவி சொல்வாள். அது ஓரளவு சரி. எனக்கு எண்ணும் வியாதியும் உண்டு. மாடிப்படிகளை எண்ணுவேன், தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன், கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது எனக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணுவேன். வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி, திரும்பவும் ஏறிப் போய் இழுப்பேன். "இன்னும் எத்தனை தடவைதான் இழுத்துப் பாப்பேள்? பூட்டு கையோட வந்துடப்போறது" என்பாள். அறுவை அறையில் இந்த வியாதி நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. பஞ்சையும் ஊசியையும் நர்ஸ் இரண்டு முறை எண்ணினால் நான் மூன்றாவது முறை எண்ணச் சொல்வேன். ஒரு நாளும் எதையும் உள்ளே விட்டுத் தைத்ததில்லை. ஆனால் அதே வியாதி ஒருநாள் ஒரு பெண்ணின் வாழ்நாளைக் கெடுக்கப் பார்த்தது. அதை உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்களுக்கு உள்ள வசதி எதுவும் எங்களுக்கு இல்லை. எந்தச் சுரப்பி வீங்கியிருக்கிறது என்று முன்கூட்டியே காட்டும் ஸ்கேன் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. மேஜையில் நோயாளி இருக்கும்போதே ஹார்மோன் இறங்கிவிட்டதா என்று பார்க்கும் பரிசோதனை இல்லை. பாராதைராய்டு என்பவை கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், துவரம்பருப்பு அளவில் நாலு சுரப்பிகள். இந்த நோயில் பெரும்பாலும் அவற்றில் ஒன்று பெருத்துப்போய், ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்சி ரத்தத்தில் கொட்டும். கழுத்தைத் திறந்து நாலையும் கண்ணால் பார்ப்போம். கெட்டதை எடுப்போம், நல்ல மூன்றை விடுவோம். நாலு என்பது எங்களுக்கு மந்திரம் மாதிரி. அந்த வேலைக்கு என்னைப் போல் எண்ணுகிற ஆள் பொருத்தம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

சரசு என்பவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் கணவன் செல்லையன் பழவங்காடியில் கணபதி கோயிலுக்கு எதிரே, பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் விற்பவன். இருவரும் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதிலேயே இந்த மலையாள ஊருக்கு வந்துவிட்டவர்கள். தேங்காய்க் குவியலின் முன் குந்தியிருந்தவள் எழுந்திருக்கும்போது தொடை எலும்பு முறிந்தது. விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. எழுந்தாள், அவ்வளவுதான். எலும்புப் பிரிவில் கம்பி வைத்தார்கள். தாடையில் ஒரு வீக்கம் இருப்பதைப் பார்த்து யாரோ புற்றுநோய் என்றும் சொல்லியிருந்தார்கள். அங்கே புதிதாக வந்த ஒரு டாக்டர்தான் கால்சியம் பார்க்கச் சொல்லி, எண் வந்ததும் பதறி என்னிடம் அனுப்பினார்.

நான் படம் வரைந்து விளக்கினேன். நாலு சுரப்பி, ஒன்று கெட்டது, அதை எடுத்துவிட்டால் எலும்பு தானே தேறும், தாடை வீக்கமும் வற்றும் என்றேன். செல்லையன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலா சாரே?"

"நாலு."

"அப்ப பிள்ளையாருக்கு நாலு தேங்கா நேந்துக்கிடுதேன்."

சரசு கேட்டது வேறு. "எனக்கு ஒண்ணு தெரியணும் சாரே. பெறவு நான் குந்தி எந்திரிக்க முடியுமா? தேங்கா தட்டிப் பாத்து எடுத்துக் குடுக்கணும்லா. இவருக்கு அது தெரியாது. இவரு தட்டினா எல்லாத் தேங்காயும் நல்ல தேங்காதான்."

"ஆமா, இவ மட்டும்தான் தேங்காக்குள்ள கண்ணு வச்சிருக்கா" என்றான் அவன்.

"அழுகின தேங்காய உடைச்சவன் திரும்பி வந்து யாருட்ட சண்டைக்கு நிப்பான்? உங்ககிட்டயா? நீங்கதான் டீ குடிக்கப் போயிருவீங்களே."

அவள் கேட்டதற்கு முடியும் என்று பதில் சொன்னேன். அத்தனை உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன்.

கழுத்தைத் திறந்தோம். வலது பக்கம் இரண்டும் சுலபமாகக் கிடைத்தன. சின்னதாக, மங்கலான மஞ்சள் நிறத்தில், குற்றம் சொல்ல முடியாதபடி இருந்தன. இடது மேல் சுரப்பியும் கிடைத்தது. அதுவும் நல்லது. ஆக நாலாவதுதான் திருடன். இடது கீழ்ச் சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கீழே போனேன். நெஞ்செலும்புக்குப் பின்னாலிருந்து, சுரப்பி சில சமயம் இறங்கி ஒளிந்திருக்கும் தைமஸின் மேல்பகுதியை மெல்ல இழுத்து வெட்டி எடுத்துப் பார்த்தேன். இல்லை. உணவுக்குழாய்க்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினேன். இல்லை. தைராய்டுக்குள் ஒளிந்திருக்கிறதோ என்று அழுத்தி அழுத்திப் பார்த்தேன். இல்லை.

இந்த நேரத்தில் ஒரு மனிதனுக்குள் என்ன நடக்கும் என்று புத்தகத்தில் எழுதமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன். வியர்க்கும். சுற்றியிருப்பவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது தாமதமாகத்தான் தெரியும். கண் தனக்கு வேண்டியதைக் காணத் தொடங்கும். கொழுப்புக்குள் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கட்டியைப் பார்த்தேன். "கிடைச்சாச்சு" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வாய் சொல்லிவிட்டது. மூன்று என்ற எண் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. நாலு ஆக வேண்டும், எப்படியாவது நாலு ஆக வேண்டும். எடுத்து, திசுவை உறையவைத்து உடனே பார்த்துச் சொல்லும் உறைநிலைப் பரிசோதனைக்காகப் பேத்தாலஜிக்கு அனுப்பினேன். அதற்கு முன்பே மற்ற மூன்றிலிருந்தும் நகக்கண் அளவு கிள்ளி அனுப்பியிருந்தேன்.

பேத்தாலஜியில் அப்போது ஒரு அம்மாள் இருந்தார். என் வயதுதான். மலையாளி, மதுரையில் படித்ததால் தமிழ் வரும், அதைத் தமிழ் டாக்டர்களான எங்களிடம் மட்டும் பேசுவார், பெரும்பாலும் திட்டுவதற்கு. மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே ஆளை அடையாளம் கண்டுகொள்வார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது.

அறுவை அறையின் தொலைபேசி அடித்தது. நர்ஸ் ரிசீவரை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரே, கடைசியா அனுப்பினது லிம்ப் நோட் ஆணு. சும்மா ஒரு நிணநீர் முடிச்சு, நீங்க தேடுற சுரப்பி இல்லை."

"கொஞ்சம் நன்னாப் பாருங்கோ."

"நல்லா பார்த்துத்தான் சொல்லுறது. இன்னும் பார்த்தா அது மாறுமோ?"

"மத்த மூணு?"

"மூணும் நார்மல். கொழுப்பெல்லாம் அழகா இருக்கு. நோயில்லாத சுரப்பி."

"இடது மேல இருக்கறது எனக்குக் கொஞ்சம் பருமனாத் தெரியறது."

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியலை."

மயக்க மருந்து டாக்டர் என் பழைய சிநேகிதர். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சுவாமி, இவளுடைய பிபி எனக்குப் பிடிக்கலை. நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருவேன். அவள் அவ்வளவு படுக்கமாட்டாள்" என்றார்.

வெறுங்கையோடு எப்படி மூடுவது? வெளியே சக்கர நாற்காலியின் பக்கத்தில் அந்த மனிதன் நிற்கிறான். முடியும் என்று சொன்னது நான். நான் தொலைபேசியில் சொன்னேன்: "நாலாவது கிடைக்கலை. மூணுல ரெண்டை எடுத்துடறேன். கால்சியம் கொஞ்சமாவது எறங்கினா அதுவும் ஒரு பலன்தானே."

பேத்தாலஜி அம்மாள் மெதுவாகத்தான் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் நான் ரிசீவரை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

"எடுத்தா எறங்காது, டாக்டரே. இந்த மூணும் இப்போ உறங்கிக் கிடக்கு. கெட்டது ஒருத்தன் எல்லா வேலையும் செய்யுறதுனால இதுங்களுக்கு வேலையில்லை. என்னைக்காவது ஒருநாள் அந்த நாலாவது கிடைக்குமல்லோ. அதை எடுத்த அன்னைக்கு இந்த மூணும்தான் எழுந்திரிக்கணும். நீங்க இன்னைக்கே ரெண்டை எடுத்தா, அன்னைக்கு எழுந்திரிக்க யார் இருக்கு? சாகுற வரை மாத்திரையும் ஊசியும். நீங்க எடுத்து அனுப்பினா நான் எழுதப்போறது ஒரே வார்த்தை, நார்மல். டாக்டர் எண்ணுறதுக்காக அந்தப் பெண்ணோட கழுத்தில சுரப்பி முளைக்காது, கேட்டோ. மூடுங்க."

நர்ஸ் ரிசீவரை எடுத்துவிட்டாள். அவள் காதிலும் எல்லாம் விழுந்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, அதற்கும் இன்றுவரை நன்றி.

மூன்று சுரப்பிகளின் பக்கத்திலும் ஒவ்வொரு நீல நூல் தையல் போட்டேன். பின்னால் யாராவது திறந்தால், இது நல்லது, தொடாதே என்று தெரிவதற்காக. பிறகு மூடினேன். குறிப்பு எழுதும்போது உதவி டாக்டர் கேட்டார்: "எத்தனை சார்?" மூணு என்றேன். "நாலாவது?" காணவில்லை என்று எழுதச் சொன்னேன். என் வேலைநாளில் நான் அதிகம் எழுதச் சொன்ன வார்த்தை அல்ல அது.

அடுத்தது வெளியே போய்ச் சொல்வது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லலாம். பொய்யும் அல்ல, நல்லபடியாகத்தான் முடிந்தது, தையல் சுத்தமாக இருந்தது. கால்சியம் இறங்கவில்லை என்று தெரிய வரும்போது நோயின் தலையில் பழியைப் போட்டுக்கொள்ளலாம். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆனால் தொலைபேசியில் கேட்ட குரல் இன்னும் காதில் இருந்தது.

"செல்லையா, கெட்ட சுரப்பி கிடைக்கலை. தேடக்கூடிய இடமெல்லாம் தேடினேன். கிடைக்கலை. மத்த மூணும் நல்லா இருக்கு, அதைத் தொடலை. நாலாவது எங்கேயோ இருக்கு. திரும்பவும் தேடணும், ஆனா இப்போ இல்ல."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அந்த மூணும் பத்திரமா இருக்கா சாரே?"

"பத்திரமா இருக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். மனைவி மயக்கம் தெளியும் முன்பே போய்விட்டானே, வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு பண்ணப் போகிறானோ என்று எனக்குக் கவலை. போனால் நியாயம்தான். அவள் கண் விழிக்கும்போது திரும்பி வந்து பக்கத்தில் நின்றான். வேட்டியில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது. எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்லவை அல்ல. சரசுவின் கால்சியம் இறங்கவில்லை. வாந்தி, மறதி, தாகம். இரண்டு முறை கொண்டுவந்து படுக்கவைத்துத் திரவம் ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "தேடுற ஆளு வந்தாச்சு" என்பாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் குத்தலாக இருந்திருக்கும். அவள் சொன்னதில் கிண்டல் மட்டும்தான் இருந்தது. வேறொரு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சுரப்பியைக் காட்டும் புதிய ஸ்கேன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிக் கேட்டோம். ரயிலில் கீழ் பெர்த்தில் படுக்கவைத்தே கூட்டிப் போனான் செல்லையன்.

படம் வந்தது. இடது தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே, நான் தேடிய இடத்துக்கு மிகவும் மேலே, ஒரு புள்ளி ஒளிர்ந்தது. அந்தச் சுரப்பி கருவில் கழுத்தின் மேல்பகுதியில் உருவாகி, மெல்ல இறங்கிக் கீழே வந்து சேர வேண்டியது. இது இறங்கவே இல்லை. நான் அதற்குக் கீழே, நெஞ்சுவரைக்கும் துழாவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது மேலேயே இருந்திருக்கிறது.

இரண்டாவது முறை பழைய தழும்பைத் தொடவில்லை. தாடைக்குக் கீழே தனியாகச் சின்னக் கீறல். பெரிய ரத்தக்குழாயின் உறைக்குள், பலாக்கொட்டை அளவில், செம்பழுப்பாக உட்கார்ந்திருந்தது. சந்தேகப்படவே வேண்டியதில்லை. இருந்தாலும் அனுப்பினேன். தொலைபேசி அடித்தது.

"இதாணு சாதனம்! இதுதான் நாம தேடின ஆளு!" என்றார் பேத்தாலஜி அம்மாள். "இப்போ எண்ணிக்கோங்க, டாக்டரே."

இங்கே கதையை முடித்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் வயதில் நானும் முடித்திருப்பேன். பாட்டிலில் கட்டி, முகத்தில் சிரிப்பு, கேஸ் தவறவில்லை. ஆனால் இந்த அறுவையின் பலன் மேஜையில் தெரிவதில்லை. ரத்தத்தில் தெரிவதற்கு நாளாகும், எலும்பில் தெரிவதற்கு மாதங்களாகும். ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியாக இருக்கிறதா, மாத்திரை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள், குணம் என்று.

மூன்றாம் நாள் செல்லையன் வார்டிலிருந்து ஓடி வந்தான். "சாரே, அவளுக்கு வலிப்பு வருது! விரலெல்லாம் உள்ள வளைஞ்சு போச்சு, உதட்டுல எறும்பு ஊருதுன்னு அழுதா!"

நான் ஓடினேன். ஆனால் பயந்து ஓடவில்லை. வருஷக்கணக்காகக் கொள்ளை போன எலும்புகள், திருடன் பிடிபட்டதும் ரத்தத்தில் இருந்த கால்சியத்தையெல்லாம் இழுத்து விழுங்கிக்கொண்டிருந்தன. பட்டினி கிடந்தவன் சாப்பாட்டைப் பார்த்தது போல. அவ்வளவு பசி என்றால் எலும்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கால்சியம் ஊசியைத் தயாராக வைத்திருந்தோம். மெதுவாக நரம்பில் ஏற்றினோம். விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

"அவ இப்படிக் கெடக்கா, நீங்க சிரிக்கியளே சாரே!" என்றான் செல்லையன்.

சரசு கண்ணைத் திறக்காமலேயே, "சிரிக்கட்டும். எத்தனை நாளா அழுத முகத்தோட வந்தாரு" என்றாள்.

வாரக்கணக்கில் ஊசி, மாதக்கணக்கில் மாத்திரை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் அன்றிரவு எனக்குத் தூக்கம் கிடையாது. எழுந்திருக்குமா, அந்த மூன்றும் எழுந்திருக்குமா? எழுந்தன. கடைசி மாத்திரையை நிறுத்திய பிறகும் கால்சியம் அசையாமல் நின்றது. தாடை வீக்கம் வற்றியது. தொடை எலும்பின் படத்தில் பனி மூடியது போலிருந்த இடமெல்லாம் வெள்ளையாகக் கெட்டிப்படத் தொடங்கியது. நான் அந்த ரத்தப் பரிசோதனை முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு பேத்தாலஜிக்குப் போனேன். அம்மாள் மைக்ரோஸ்கோப்பிலேயே இருந்தார்.

"அந்தப் பெண்ணுக்கு மாத்திரை நிறுத்தியாச்சு" என்றேன்.

"எத்தனை எழுந்தது?"

"மூணும்."

"அது நான் அன்னைக்கே சொன்னதல்லே" என்றார். நன்றி சொல்ல வந்தேன் என்றேன். "அங்கே ஸ்லைடு காயுது, தட்டிவிட்டுராம போங்க" என்றார். அதுதான் எங்கள் உரையாடல். இந்த வேலையில் நான் பெற்ற பெரிய உபகாரம் எனக்கு இணங்காத ஒருவரிடமிருந்து வந்தது. உங்களுக்கும் அப்படி ஒருவர் தொலைபேசியின் மறுமுனையில் இருக்க வேண்டும். இருந்தால், அவர் மூடு என்னும்போது ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காதீர்கள்.

ஒருநாள் மாலை வேலை முடிந்து பழவங்காடி வழியாக நடந்து வந்தேன். தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் சரசு குந்தியிருந்தாள். குந்தக் கூடாது, ஸ்டூல் போட்டுக்கொள் என்று சொல்லியிருந்தேன். ஸ்டூலில் செல்லையன் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க சாரே" என்று எழுந்தான். "உங்க கணக்குல ஒண்ணு பாக்கி கெடக்கு."

"என் கணக்கா?"

"நாலு தேங்கா நேந்தேனே. மூணுதான் உடைச்சிருக்கேன்."

"எப்போ மூணு உடைச்சே?"

"மொத ஆபரேசன் அன்னைக்குத்தான். நீங்க சொல்லி முடிச்சதும் நேரே இங்க வந்து உடைச்சேன்."

"செல்லையா, அன்னைக்கு எனக்கு ஒண்ணும் கிடைக்கலியே. தோத்துட்டு வந்து நின்னேனே உன் முன்னாடி."

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "மூணு நல்லாருக்குன்னு சொன்னீங்கல்லா சாரே. நல்லதுக்கு உடைக்காண்டாமா?"

காணவில்லை என்று நான் எழுதச் சொன்ன அதே நாளில் இவன் படியிறங்கிப் போனது இதற்குத்தான்.

"நாலாவத இவதான் உடைக்கணும்னு வச்சிருந்தேன். உங்களையும் கூப்பிடணும்னு நெனச்சோம். நீங்களே வந்துட்டீங்க."

"வேண்டாம், வேண்டாம். தோளுக்கு மேல கையைத் தூக்கி வீசணும். எலும்பு இன்னும் முழுசாக் கெட்டிப்படலை. நீயே உடை."

"இவரு எறிஞ்சா ரோட்டுல போறவன் மண்டையிலதான் விழும் சாரே" என்றாள் சரசு. அவள் ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே வைத்து விரல் கணுவால் தட்டினாள். வைத்துவிட்டாள். இன்னொன்றைத் தட்டினாள். அதையும் வைத்தாள். மூன்றாவதைத் தட்டித் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ஒரு கையில் தேங்காயோடு, மறுகையை முழங்காலில் ஊன்றி, எழுந்தாள். நான் தாங்கிப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டினேன். அவை சும்மா நீண்டே இருந்தன.

சாலையைக் கடந்து கோயில் வாசலுக்குப் போனாள். பின்னால் செல்லையன், அவனுக்குப் பின்னால் நான். கையைத் தூக்கினாள். வீசினாள். சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். தேங்காய் சுக்குநூறாகச் சிதறிக் கிடந்தது. உள்ளே பால்போல வெள்ளை, ஒரு புள்ளி அழுகல் இல்லை.

பழக்கம் விடுமா? துண்டுகளை எண்ணத் தொடங்கினேன். ஐந்தோ ஆறோ எண்ணியிருப்பேன். அதற்குள் பக்கத்தில் நின்றவர்கள் குனிந்து பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். சரசு ஒரு துண்டை எடுத்து மண்ணைத் துடைத்து என் கையில் வைத்தாள். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு அதைக் கடித்தேன்.